வலப்பக்கம் பார்க்கும் சிங்கம்

லூபா செர்னாஃப் அந்த மிருகத்தை முதலில் பார்த்தபோது, அது பழைய மாணவர் சங்கம் நன்கொடையாகக் கொடுத்த பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது.

நவம்பர் மாதத்துக் காலை. இரவெல்லாம் பெய்த பனி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும் நடைபாதை பைன் மரங்களுக்குள் நுழைந்து ஒரு வளைவு வளைந்து வெளியே வரும். அந்த வளைவில்தான் பெஞ்சு. யாரோ பழுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள் லூபா. கோட்டு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

அந்த மலைப்பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலைச் சிங்கம்; பிடரி மயிர் இல்லாத பூமா. வால் பெஞ்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாலின் நுனி மட்டும் மெல்ல அசைந்தது. லூபா மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பீட்ரூட் சூப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து காருக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே ஏறிப் பூட்டிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பி, புல்தரைமேல் ஏற்றி, அலுவலகத்தின் வாசற்படி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

பல்கலைக்கழகம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. புல்தரையில் வண்டி ஓட்டியதற்கான அபராதச் சீட்டு மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கெட்டில் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூபாவுக்கு என்ன வேலை என்றால், தினமும் காலை பத்து மணிக்கு எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் போகும் செய்திமடலை எழுதுவது. மடலின் பெயர் ‘நம் சமூகம்’. இருபது வருடத்துக்கும் மேலாக எழுதிவருகிறாள். பனிச்சறுக்குப் போட்டி, ரத்ததான முகாம், தொலைந்துபோன ஒற்றைக் கையுறை, பேராசிரியருக்குக் கிடைத்த விருது எல்லாமே அவள் கை வழியாகத்தான் போகும். எதையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மேலிடம் சொல்லிக்கொடுத்திருந்தது. கட்டணம் ஏறினால் ‘மாணவர்களின் பங்களிப்பு வளர்கிறது’. உணவகத்தை மூடினால் ‘நம் உணவுப் பயணத்தில் ஓர் இடைவேளை’. நூலகத்தின் கூரை ஒழுகி ஒரு அலமாரிப் புத்தகங்கள் ஊறிப்போனபோது ‘நூலகத்தில் நீர்: ஓர் அனுபவம்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதைப் பார்க்க நாலைந்து பேர் வந்தும் போனார்கள்.

அன்று காலை அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் அடித்தாள். வளாகத்தில் மலைச் சிங்கம் இருக்கிறது. தனியாக நடக்காதீர்கள்.

அதை எடுத்துக்கொண்டு கார்ஸ்டன் விலெட்டிடம் போனாள். கார்ஸ்டன் செய்தித் தொடர்பு இயக்குநர். அதற்கு முன்னால் ஒரு தயிர்க் கம்பெனியில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவர். லூபாவைவிட இருபது வயது இளையவர், நல்ல மாதிரி. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இரண்டு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்தார்.

“லூபா, இது ரொம்ப கனமா இருக்கே.”

“ரெண்டே வரிதானே?”

“அதான் சொல்றேன். படிக்கிறவங்களுக்கு மூச்சு விட இடமே இல்ல. அப்புறம் இந்த ‘சிங்கம்’. அது நம்ம வார்த்தை. பதிவு பண்ணி வச்சிருக்கோம்.”

பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கெல்லாம் ‘கெட்டில் ரிட்ஜ் சிங்கங்கள்’ என்றுதான் பெயர். கொடி, பனியன், காப்பிக் குவளை எல்லாவற்றிலும் சிங்கம். கார்ஸ்டன் கணினியில் சின்னத்தின் விதிமுறைகளைத் திறந்து காட்டினார். “நம்ம சிங்கம் எப்பவும் வலப்பக்கம்தான் பார்க்கும். எதிர்காலம் அந்தப் பக்கம்தான் இருக்கு. வாய் லேசா திறந்திருக்கலாம், பல் தெரியக்கூடாது. வால் தொங்கவே கூடாது. நீங்க பார்த்தது எந்தப் பக்கம் பார்த்துச்சு?”

“என்னைப் பார்த்துச்சு.”

கார்ஸ்டன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, இது தன் மட்டத்தில் முடிகிற விஷயமில்லை என்றார்.

விஷயம் டாக்டர் ஃபிலிப்பா ஆஸ்ட்ராண்டரிடம் போயிற்று. அவர் சமூகப் பிணைப்புக்கான துணைத் தலைவர். உயரமானவர், அழகாக உடுத்துகிறவர். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடித் திறந்து, ஆழமாகக் கேட்பவர். கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறையில் கூடினார்கள். அந்த அறைக்குச் ‘செவிமடுக்கும் அறை’ என்று பெயர். டெல்மர் ஹாஃப்பையும் கூப்பிட்டிருந்தார்கள். டெல்மர் முன்பு வளாகப் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர். ‘பாதுகாப்பு’ என்றாலே ஏதோ ஆபத்து இருப்பதுபோல் தொனிக்கிறது என்று போன வருடம் அந்தத் துறையைக் கலைத்து, ‘வரவேற்பும் வாகனமும்’ என்று மாற்றிவிட்டார்கள். இப்போது அவருக்கு வாகனங்கள்மேல் மட்டும்தான் அதிகாரம்.

“அதுகிட்ட வண்டி இல்ல லூபா,” என்றார் டெல்மர், நிஜமான வருத்தத்தோடு. “வண்டி இருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்.”

மாகாண வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டால் நாய்களோடு வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்றும் அவர் சொன்னார். ஆனால் வெளித்துறையைக் கூப்பிட ஃபிலிப்பாவின் அனுமதி வேண்டும். ஃபிலிப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டார்.

“லூபா, உங்க பயத்தை எங்ககிட்ட பகிர்ந்துக்கிட்டதுக்கு முதல்ல நன்றி. ஆனா பயம்ங்கிறது தகவல் இல்ல, அது ஒரு அனுபவம். உங்க அனுபவத்தை எட்டாயிரம் பேர் தலையில ஏத்தலாமா? சனிக்கிழமை திறந்தவெளி நாள். பிள்ளைங்கள எங்க சேர்க்கலாம்னு பார்க்க மாகாணம் முழுக்க இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. சேர்க்கை குறைஞ்சிருக்கு, நான் ஒளிச்சுப் பேசல. அந்த மிருகம் யாரையாவது கடிக்கலாம், கடிக்காமலும் போகலாம். ஆனா இந்தச் செய்தி வெளிய போனா சேர்க்கை குறையறது நிச்சயம். நிச்சயமான ஆபத்தைத்தானே நாம முதல்ல கவனிக்கணும்?”

“கடிச்சுட்டா?” என்று கேட்டாள் லூபா.

“கடிச்சுட்டா அது வேற குழுவுக்குப் போயிடும்.”

மறுநாள் மடலில் லூபாவின் இரண்டு வாக்கியமும் திருத்தம் பெற்று வெளிவந்தன. ‘நம் வளாகத்தின் காட்டு எழிலைக் காண இதைவிடச் சிறந்த வாரம் இல்லை. பைன் மரப் பாதையில் ஒரு நடை போய் வாருங்கள்.’ கீழே லூபாவின் பெயர்.

அன்று பிற்பகல் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மாணவர்கள் சூடான கோக்கோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றை ஒற்றையாக மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் காதில் பாட்டு மாட்டியிருந்தாள். லூபா ஜன்னலைத் தட்டினாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் மறுபடி வெளியே வரும்வரை லூபா அங்கேயே நின்றாள். சூப் ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் லூபாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரிலிருந்து இறங்குவதற்கு முன் நாலு பக்கமும் பார்ப்பாள். இறங்கியபின் மேலேயும் பார்ப்பாள், ஏனென்றால் அது மரத்தில் ஏறும். மரக்கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு நாள் காலையில் பாதையோரத்தில் தடம் கண்டாள். அவள் உள்ளங்கையைவிடப் பெரிது, நகக்குறி இல்லாத வட்டத் தடம். அது அவளுடைய நேற்றைய காலடிகளுக்குப் பக்கத்திலேயே, அவள் எங்கே நின்றாளோ அங்கே தானும் நின்று, அலுவலக வாசல் வரைக்கும் வந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று கணவர் சொன்னார். அந்த மடலில் தன் பெயர் இருக்கிறது, அதை நம்பித்தான் பிள்ளைகள் காட்டுக்குள் போகிறார்கள் என்று அவரிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை டெல்மர் வந்து அவளை அழைத்துப் போனார். வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தின் பின்பக்கம், வேலிக்கு அந்தப் புறத்தில், பனியும் பைன் இலைகளும் குவித்துவைத்த ஒரு மேடு இருந்தது. மேட்டிலிருந்து ஒரு மானின் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

“தின்னது போக மிச்சத்தை மூடி வச்சிருக்கு,” என்றார் டெல்மர் தணிந்த குரலில். “மறுபடி வரும்.”

காப்பகத்தின் ஜன்னல்களில் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தைகள் பாடும் சத்தம் கேட்டது. பொறுப்பாளர் அம்மாள் வாசலில் நின்று, குழந்தைகளை நாலு நாளாக வெளியே விடவில்லை, காரணம் கேட்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். லூபா நேராகப் போய்க் கார்ஸ்டனிடம் சொன்னாள். மறுநாள் மடலில் ‘காப்பகத்தில் உள்ளரங்க விளையாட்டு வாரம்’ என்று வந்தது.

லூபாவின் முகம் வெளுத்துக் கிடப்பதைக் கார்ஸ்டன் கவனித்திருக்க வேண்டும். அன்று மதியம் அவளை ‘பயத்தோடு நட்பு’ என்ற பயிலரங்குக்கு அனுப்பினார். பெரிய ஜன்னல் வைத்த அறை, தரையில் மெத்தைகள், பத்துப் பன்னிரண்டு பேர். நடத்தியவர் மென்மையான குரல்கொண்ட மனிதர். அவரவர் பயத்தை ஒரு தாளில் வரையச் சொன்னார். லூபா வரைந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“நல்லா வந்திருக்கு. இந்தச் சிங்கம் யாரு? உங்க அப்பாவா?”

“சிங்கம்தாங்க.”

“மேலதிகாரி யாராவது?”

“இல்லங்க, சிங்கம். நாலு கால்ல நடக்கிறது.”

அவர் புரிந்துகொண்டவராகத் தலையாட்டிவிட்டு, எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். எல்லோரும் மூடினார்கள். லூபாவால் முடியவில்லை. திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த அவள் ஒருத்திக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே அது தெரிந்தது. சாம்பல் வெளிச்சத்தில், நிறுத்திய கார்களுக்கு நடுவே, தோள்பட்டை ஏறி இறங்க, அவசரமே இல்லாமல் நடந்துபோனது. ஒரு காரின் கதவை முகர்ந்தது.

“அதோ, வெளிய போகுது,” என்றாள்.

“போகட்டும்,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “அதைப் பிடிச்சு நிறுத்தாதீங்க. வந்த மாதிரியே கடந்து போகட்டும்.”

அது கடந்து போயிற்று. லூபா அழுதாள். பயிலரங்கு அவளுக்கு மிகவும் பயன்பட்டதாகப் பதிவாயிற்று.

சனிக்கிழமை வானம் தெளிந்து வெயில் அடித்தது. நூலகத்துக்கு முன்னாலிருந்த புல்வெளியில் மேடை போட்டிருந்தார்கள். குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பனியின்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டிக் கொடுக்கும் கடைக்கு முன் வரிசை நீண்டிருந்தது. மேடைக்கும் மரங்களுக்கும் நடுவே, பல்கலைக்கழகத்தின் சிங்கம் ஆடிக்கொண்டிருந்தது. பஞ்சும் ரோமத்துணியுமாகத் தைத்த உடுப்பு; தலை ஒரு அண்டா பெரிசுக்கு இருக்கும்; பல் இல்லாத சிரிப்பு. உள்ளே இருந்தவள் ஹர்நூர் தில்லான், வனவியல் இரண்டாம் வருட மாணவி. உடுப்பை மாட்டிக்கொள்ளும்போது அவள் லூபாவிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

“மான் கிடக்குதாமே, உண்மையா? எங்க வகுப்புல எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“உண்மைதான். நீ மரத்துப் பக்கம் போகாத. கூட்டத்துக்குள்ளயே ஆடு.”

“இதுக்குள்ள இருந்தா என் கால்தான் எனக்குத் தெரியும், லூபா. மரம் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?”

ஃபிலிப்பா மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். இங்கே எந்தக் கதவும் யாருக்கும் சாத்தியிருக்காது, இந்த வளாகத்தில் எல்லை என்று ஒன்றே கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் நம்மிடம் வரலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அது மரங்களிலிருந்து வெளியே வந்தது.

முதலில் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு தகப்பன் மகனைத் தோளில் தூக்கிவைத்து, “பாரு, ரெண்டு சிங்கம் வச்சிருக்காங்க,” என்றார். நிறையப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த பஞ்சுச் சிங்கம் கைதட்டல் தனக்கென்று நினைத்து இன்னும் வேகமாக ஆடியது. அதன் முதுகுப் பக்கம், வயிறு பனியில் உரச, மற்றது ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

லூபாவுக்கு மேடைக்கு எப்படிப் போனோம் என்பது பிறகு நினைவில்லை. ஃபிலிப்பாவின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கியது மட்டும் நினைவிருந்தது. இருபது வருடத்தில் யாரும் பார்த்துத் திருத்தாத வார்த்தைகளை அவள் பேசியதே இல்லை. குரல் கீச்சென்று வந்தது.

“அது நிஜச் சிங்கம். எல்லாரும் நூலகத்துக்குள்ள போங்க, ஓடாதீங்க. ஹர்நூர், தலையைக் கழட்டாத.”

அது பாய்ந்தது. பஞ்சுத் தலையின் பிடரியைக் கவ்வி அவளைக் கீழே சாய்த்தது. கூட்டம் ஓடாதீர்கள் என்றதை மறந்து ஓடியது. அப்போது டெல்மர், அபராதச் சீட்டு எழுதப் போகும் குட்டி வண்டியை, ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல், புல்தரையின்மேல் நேராக ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் அது விலகியது. விலகும்போதும் பிடியை விடவில்லை. பஞ்சுத் தலை கழுத்திலிருந்து பிய்ந்து வந்தது. சிரித்த முகத்தோடு இருந்த அந்தத் தலையை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டே மரங்களுக்குள் போய் மறைந்தது.

ஹர்நூர் பனியில் உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை கிழிந்து ரத்தம் ரோமத்துணியில் ஊறிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை லூபா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டெல்மர் அன்றே, யாரிடமும் அனுமதி கேட்காமல், வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து தடங்களைப் பார்த்தார்கள். அது எங்கேயும் போய்விடவில்லை, இரையை இங்கே வைத்துவிட்டுப் போகாது, நாய்களோடு புதன்கிழமை வருகிறோம், அதுவரை ஜாக்கிரதை என்று ஃபிலிப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மடலைக் கார்ஸ்டனே எழுதினார். ‘மறக்க முடியாத திறந்தவெளி நாள்! நூலகத்துக்குள் இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் நுழைந்தது இதுவே முதல் முறை. நம் வளாகத்துக்கு வந்திருந்த காட்டு விருந்தினர் தம் பயணத்தை நிறைவுசெய்து இயற்கையின் மடிக்குத் திரும்பினார்.’ கீழே டாக்டர் ஃபிலிப்பா ஆஸ்ட்ராண்டரின் கையெழுத்து.

அன்று மாலை நாலு மணிக்கு லூபாவைச் செவிமடுக்கும் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஃபிலிப்பா தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல. சொன்ன விதம். ‘போங்க’, ‘ஓடாதீங்க’, ‘கழட்டாத’. மூணுமே கட்டளை. நம்ம சமூகத்துல நாம யாருக்கும் கட்டளை போடறதில்ல, அழைக்கிறோம். உள்ள வர விருப்பம் இருக்கிறவங்க வரலாம்னு சொல்லியிருக்கலாம்.”

“அது பாயப் போச்சு, டாக்டர்.”

“அவசரத்துலதான் ஒருத்தரோட விழுமியங்கள் வெளிய தெரியும். அன்னிக்கு உங்ககிட்ட இருந்து வெளிய வந்தது பயம். இந்தப் பல்கலைக்கழகத்தோட விழுமியங்கள்ல பயம் இல்ல. நான் பார்த்துட்டேன், அஞ்சுல எதுலயும் இல்ல.”

கார்ஸ்டன் பெருமூச்சு விட்டார். “புதுத் தலை வர மாசக்கணக்குல ஆகுமாம்.”

“ஹர்நூருக்குத் தையல் போட்டிருக்காங்க,” என்றாள் லூபா. “யாராவது போய்ப் பார்த்தீங்களா?”

“நான் தலையைப் பத்திச் சொல்றேன்,” என்றார் கார்ஸ்டன்.

மடல் எழுதும் வேலையிலிருந்து லூபா விடுவிக்கப்பட்டாள். அதற்கு ‘மறுசிந்தனைக் காலம்’ என்று பெயர். மின்னஞ்சல் அனுமதியையும் எடுத்துவிடுவதாக முடிவாயிற்று. ஆனால் ஒருவருடைய அனுமதியை எடுக்க அனுமதி கொடுக்கும் குழு வெள்ளிக்கிழமைதான் கூடும்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கட்டடம் காலியாகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஃபிலிப்பா நின்றிருந்தார். கையில் கார்ச்சாவி. வெளியே போகவில்லை; மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லூபா, நீங்க கீழ்ப்பக்க நிறுத்துமிடத்துக்குத்தானே போறீங்க?”

“ஆமா.”

“நானும் அந்தப் பக்கம்தான்.” மறுபடி மரங்களைப் பார்த்துவிட்டு, “சேர்ந்து போகலாமா?” என்றார்.

“அது போயிடுச்சுன்னு காலைல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருந்தீங்க?”

ஃபிலிப்பா கதவிலேயே கண்ணாக இருந்தார். “அது பெற்றோருக்கு எழுதினது,” என்றார்.

லூபா அவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். முதுகைக் காட்டக் கூடாது. ஓடவே கூடாது. ஒருவர் முன்னால் பார்த்தும் ஒருவர் பின்னால் பார்த்தும் நடக்க வேண்டும். சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும், மனிதக் குரல் கேட்டால் அது தயங்கும். பைன் மரப் பாதையில் இறங்கினார்கள். லூபா பின்பக்கமாக நடந்தாள். ஃபிலிப்பா அவள் கோட்டின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பேசுங்க.”

“என்ன பேச?”

“எதையாவது. மனப்பாடமா தெரிஞ்சதைச் சொல்லுங்க.”

ஃபிலிப்பா தொண்டையைச் செருமினார். “திறந்த மனம்,” என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். “இன்னும் சத்தமா,” என்றாள் லூபா. “திறந்த மனம். துணிவு. அரவணைப்பு. சிறப்பு. நிலைத்த வளர்ச்சி.” பிறகு குரல் உடைந்தது. “அஞ்சு விழுமியம்தான் இருக்கு.”

“முதல்ல இருந்து சொல்லுங்க. நிறுத்தாதீங்க.”

வளைவு திரும்பும் இடத்தில் எங்கேயோ ஒரு சுள்ளி முறிந்தது. பனி முறிக்கிற சத்தமாகவும் இருக்கலாம். ஃபிலிப்பா லூபாவின் கையைப் பற்றிக்கொண்டார். நாளைக்கே எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடலாம், நீங்களே எழுதுங்கள், நான் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன், வகுப்புகளை மூடிவிடலாம், காப்பகத்தையும் மூடிவிடலாம் என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். துணிவு, அரவணைப்பு என்று நடுநடுவே கத்தினார்.

அவருடைய கார் விளக்குக் கம்பத்துக்கு அடியில் நின்றிருந்தது. ஏறினார். கதவு பூட்டிக்கொண்டது. எந்திரம் உறுமியது, உள்ளே வெளிச்சம் வந்தது. முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத் துடைத்துக்கொண்டபின், ஜன்னலை ஒரு விரலளவுக்கு இறக்கினார்.

“லூபா, அந்த விஷயம். குழுவுல வச்சு நிதானமா யோசிக்கலாம்,” என்றார்.

கார் போய்விட்டது. லூபாவின் கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியில், மரங்களை ஒட்டி நின்றது. காலையில் இடம் கிடைத்தது அங்கேதான். சத்தமாகப் பேச வேண்டும் என்பது நினைவிருந்தது, பேச்சுதான் வரவில்லை. கடைசியில், பீட்ரூட்டை எவ்வளவு சன்னமாகத் துருவ வேண்டும், முட்டைக்கோஸை எப்போது போட வேண்டும், வெண்ணெயை ஏன் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்ற வேண்டும் என்று காட்டுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

உள்ளே உட்கார்ந்து பூட்டிக்கொண்டபின், செல்போனை எடுத்து எழுதினாள். யாரும் திருத்தாதபடியால் எழுதச் சில நிமிடமே ஆயிற்று. சனிக்கிழமை ஹர்நூர் தில்லானைத் தாக்கிய சிங்கம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. போய்விட்டது என்று சொன்னது பொய். போன வாரம் பைன் மரப் பாதையில் நடக்கச் சொன்னதும் என் பெயரில் வந்த பொய்தான். காப்பகத்துக்குப் பின்னால் அதன் இரை கிடக்கிறது. இப்போது வகுப்பில் இருப்பவர்கள் ஐந்தாறு பேராகச் சேராமல் வெளியே வராதீர்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். எட்டாயிரம் பேருக்கும் போகும் பொத்தானை அழுத்தினாள். அது போயிற்று.

மாலை வகுப்புகள் விடுகிற நேரம். கட்டடங்களின் கதவுகள் வழக்கமாக அப்போது திறந்து திறந்து மூடும். இப்போது ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அப்புறம் வேதியியல் கட்டடத்தின் கதவு திறந்து ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்தார்கள். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள்போல் முதலில் விலகி நின்றவர்கள், பிறகு நெருங்கிக்கொண்டார்கள். நூலகத்திலிருந்து இன்னொரு கூட்டம். காப்பகத்தில் இருந்து, குழந்தைகளை நடுவே விட்டு, பெரியவர்கள் வட்டமாகக் கைகோத்து வந்தார்கள். வளாகம் முழுக்க ஒரே கூச்சல். யாரோ ஹாக்கிப் பாட்டைப் பாடினார்கள். டெல்மரின் குட்டி வண்டி ஊதிக்கொண்டே இங்கும் அங்கும் ஓடியது.

ஒரு கூட்டம் அவள் காருக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பையன் குனிந்து ஜன்னலைத் தட்டினான்.

“தனியாவா இருக்கீங்க? மேல கணிதக் கட்டடத்துல இன்னும் ஆள் மாட்டிட்டு இருக்காங்களாம், கூட்டிட்டு வரப் போறோம். எங்களுக்கு ஆள் பத்தல.”

லூபா மரங்களைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கி அவர்களுக்கு நடுவே போய் நின்றாள்.

“சத்தமா என்ன பேசிட்டு வர்றீங்க?” என்று கேட்டாள்.

“பேச ஒண்ணும் இல்லங்க. அவங்கவங்களுக்கு யார் மேல கோபமோ அவங்களத் திட்டிட்டு வர்றோம். நீங்களும் திட்டுங்க.”

கூட்டம் மேட்டில் ஏறத் தொடங்கியது. லூபா கணிதக் கட்டடம் வரைக்கும் ஒரு இடத்திலும் மூச்சு வாங்க நிற்கவில்லை. மற்றவர்கள் நிறுத்திவிட்டு அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.